நட்சத்திரக் கேள்வி எண் 4

கயலுக்குப் பொய் சொல்ல வராது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இருபது நாட்களாக வீட்டுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று என்று இரண்டு ரகசியங்களை வைத்துக்கொண்டு அந்தப் பெண் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், ராயப்பேட்டையில் பஸ் ஏறி தி.நகரில் இறங்குகிறாள். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

வீட்டில் சொல்லாதது இது. அவளுடைய அம்மா வேலம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அப்பா கதிரேசன் ராணுவத்தில் லாரி ஓட்டி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் என்பதால், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரிதான், "திட்டத்தோடு எங்கள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இந்த மாதக் கடைசி வரைதான்" என்று கடிதத்தை நீட்டிவிட்டதே. அதற்குப் பிறகு முப்பது கிலோமீட்டர் தள்ளி வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். டயாலிசிஸ் முடிந்தால் எழுந்து நிற்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் வேலம்மாவால் அவ்வளவு தூரம் வாரம் மூன்று முறை போய் வர முடியாது. டாக்டரும் அதையேதான் சொன்னார்.

கயல் அதை நாடாளுமன்றக் கேள்வியாக எழுதி அனுப்பிவிட்டாள். எம்.பி. மதிவாணனின் தி.நகர் அலுவலகத்தில் கேள்விகளைத் தயாரிப்பதுதான் அவள் வேலை. கதிரேசனுக்குத் தெரிந்தால், "சிபாரிசு புட்ச்சியா?" என்று வீடு இரண்டாகிவிடும். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் லீவுக்குக்கூட யாரிடமும் பல்லைக் காட்டாத மனிதர்.

ஆபீசில் சொல்லாதது, அந்தக் கேள்விக்குள் இருப்பது தன் அம்மா என்பது. அவள் சேர்ந்த அன்று மதிவாணன் சொன்ன ஒரே சட்டம், "நம்ம வீட்டு விஷயம் எதுவும் கேள்விக்குள்ள வரக்கூடாது" என்பதுதான். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், மச்சானுடைய டிரான்ஸ்ஃபரைக் கேள்விக்குள் நுழைத்து ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

குலுக்கலில் கேள்வி தேர்வாகிவிட்டது. அதுவும் நட்சத்திரக் குறியோடு. அப்படியென்றால் அமைச்சரே அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். எண் நான்கு. நாள், இந்த வெள்ளிக்கிழமை. மாதம் முடிய இன்னும் ஆறு நாள்தான்.

---

காலை ஏழரை மணிக்கே கதிரேசன் ஆட்டோவைத் துடைத்து முடித்திருந்தார்.

"சீக்கிரம் கெளம்பு வேலம்மா. இன்னிக்கு வெள்ளிக்கெயம. டிஃபென்சும் ஹெல்த்தும் ஒரே நாளு. நாம முன்னாடி போனாதான் அங்க டி.வி. நம்ம கையில."

ஊரில் மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோல இவர் நாடாளுமன்றம் பார்ப்பார். பதினோரு மணிக் கேள்வி நேரத்தை விடமாட்டார். டயாலிசிஸ் வார்டில் நாலு மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருந்ததில் பிடித்துக்கொண்ட பழக்கம். அமைச்சர்கள் இந்தியில் பேசுவதை வார்டு முழுக்கத் தமிழில் சொல்லுவதும் அவர்தான். சொல்வதோடு நிறுத்தமாட்டார். "ரோடு நேராதான் கீது, இந்தாளு பாரு டைவர்சன் எடுக்குறாரு" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பார்.

"எங்க போனாலும் ஒரு பொம்பளைக்கு நிம்மதி உண்டா?" வேலம்மா மெதுவாகப் படியிறங்கினாள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவளுக்குக் கணக்கு. நாக்கு வறண்டால் வாயில் போட்டுக்கொள்ள இரண்டு ஐஸ் கட்டி, சின்ன ஃபிளாஸ்கில் கதிரேசனின் சீட்டுக்கடியில் இருந்தது.

வாசலில் நின்ற கயலைப் பார்த்ததும் நின்றாள். "இன்னாடி, மூஞ்சி ஒரு மாரி கீது?"

"ஒண்ணியும் இல்லம்மா. தூக்கம் வரல."

"ஆறு நாள் கயிச்சி எங்க போறதுன்னு நானே ரோசன பண்ணல. நீ ஏன் பண்ற? போ, பஸ் போயிடப் போவுது."

அப்பாவிடம் அப்போதே சொல்லிவிடலாம் என்று கயல் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தாள். கதிரேசன் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதற்கு அன்றைக்கே வட்டியோடு அனுபவிக்கப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது, பாவம்.

---

பத்து இருபத்தைந்துக்கு அவள் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. டெல்லியில் எம்.பி.யின் உதவியாளர் சாய்நாத், அமைச்சரின் எழுத்துப்பூர்வமான பதிலைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். கேள்வி நேரம் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் உறுப்பினர் கைக்கு அது வந்துவிடும்.

கயல் பெரிதாக்கிப் படித்தாள்.

(அ), (ஆ) இரண்டுக்கும் நாடு முழுவதும் உள்ள டயாலிசிஸ் மையங்களின் பட்டியல். (இ) முன்னாள் படைவீரர்களின் சிகிச்சை பற்றியது. அதற்கு ஒரே வரி. "இப்பொருள் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சார்ந்தது." கடைசியாக (ஈ). நின்றுபோன ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க என்ன நடவடிக்கை? "கேள்வி எழவில்லை."

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. கேள்விப் படிவத்தில் எந்த அமைச்சகம் என்ற கட்டத்தில் சுகாதாரம் என்று போட்டவள் அவளேதான். டயாலிசிஸ், ஆஸ்பத்திரி, நோயாளி. வேறு எதைப் போடுவாள்? ஆனால் பட்டாளத்துக்காரர்களின் சிகிச்சைக்குப் பணம் கட்டுகிறவர் பாதுகாப்பு அமைச்சர். ராயப்பேட்டை வீட்டில் சட்டையைக் கொடியில் போட்டபடி அப்பா ஒரு வரியில் சொல்லியிருப்பார். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்றுதானே அவரிடம் கேட்காமல் விட்டாள்.

போன் அடித்தது. சாய்நாத். "கயல், ஏன் ஹெல்த்துக்குப் போட்டே? இது டிஃபென்ஸ் சமாச்சாரமாச்சே!"

"தப்பு பண்ணிட்டேன் சாய்."

"சரி விடு. அமைச்சர் பதில் சொன்னப்புறம் சார் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம். அந்தப் பட்டியலை வெச்சு ஏதாவது கேட்கச் சொல்லிடட்டுமா? ராணுவ விஷயத்தை இன்னொரு செஷன்ல பார்த்துக்கலாம்."

இன்னொரு செஷன் என்றால் நான்கு மாதம். வேலம்மாவிடம் இருப்பது ஆறு நாள்.

"பதினஞ்சு நிமிஷம் குடு சாய். நானே எழுதித் தரேன்."

பேனாவை எடுத்தாள். ஒன்றும் ஓடவில்லை. கை தானாக அப்பாவின் நம்பரைத் தட்டியது.

"நைனா, டி.வி. போட்டுட்டியா?"

"போட்டாச்சு. உங்கம்மாவுக்கும் மிசின் மாட்டியாச்சு. இன்னா இந்நேரத்துல?"

"சும்மாதான். ஒரு சந்தேகம். ஒரு மினிஸ்டரு, இது என் டிபார்ட்மென்ட் இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் இன்னா பண்ணுவாங்க?"

கேட்ட கேள்வி கதிரேசனுக்கு வெல்லம். "அப்டி கேளு! இன்னிக்கு மாரி நாள்ல சம்பந்தப்பட்ட ஆளு பக்கத்து சீட்லயே குந்தினு இருப்பாரு. அவர பாத்து பேசணும். ஆனா ஒண்ணு. நெம்பரு கேட்டா நெம்பர குட்த்துட்டு குந்திக்குவாங்க. ஒரு ஆளக் காட்டணும் கயலு. இந்த ஆளு, இந்த ஊரு, இன்னா கஷ்டம்னு காட்டுனா, எந்த மினிஸ்டரா இருந்தாலும் குந்தினு இருக்க முடியாது."

"ஒரு ஆளா?"

"ஆமா. எவனாவது ஒருத்தன புடி. உங்க ஆபீஸ்ல மனுவுக்கா பஞ்சம்?"

போனை வைத்தபோது கயலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இல்லாத ஆளைக் கற்பனை செய்து எழுத முடியாது. எம்.பி. அவையில் பொய் சொன்னவராகிவிடுவார். உள்ளும் புறமும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த பட்டாளத்துக்காரர் உலகத்தில் ஒருவர்தான். எட்டு வரி எழுதி அனுப்பினாள்.

இரண்டு நிமிஷத்தில் சாய்நாத்திடமிருந்து பதில் வந்தது. "அருமை. ஆள் நிஜம்தானே?"

"நிஜம். நான் பொறுப்பு."

---

அந்த வார்டில் பன்னிரண்டு படுக்கைகள். அதில் ஒன்பது திட்டத்து நோயாளிகள். ஒன்பது பேரிடமும் அதே கடிதம் இருந்தது.

வேலம்மாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் காமாக்ஷி மாமி. விமானப்படையில் கிளார்க்காக இருந்தவரின் மனைவி. மயிலாப்பூரிலிருந்து வருபவர். கணவர் போய் மூன்று வருஷமாகிறது. தனியாக ஆட்டோ பிடித்து வருவார். சில நாள் கதிரேசனே கொண்டுபோய் விடுவார்.

"இன்னிக்கு யாரு பதில் சொல்றா, ஹவில்தார் சார்?"

"மொதல்ல ஹெல்த்து மாமி. நாலாவதா நம்ம கயலு எம்.பி.ன்னு டி.வி.ல பேரு ஓடுது."

முதல் மூன்று கேள்விகள் பதினொன்றே முக்கால் வரை இழுத்தன. கதிரேசன் இரண்டு டைவர்ஷன், ஒரு ரிவர்ஸ் கியர் என்று கணக்குச் சொன்னார். நர்ஸ் நிலா, "அங்கிள், சவுண்டு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

"கேள்வி எண் நான்கு."

மதிவாணன் எழுந்தார். சுகாதார அமைச்சர், பதிலை அவையின் மேஜையில் வைப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார். மதிவாணன் கையிலிருந்த தாளைப் பார்த்துத் தமிழில் ஆரம்பித்தார்.

"மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே, எனக்குப் புள்ளிவிவரம் கிடைத்துவிட்டது. நான் ஒரு மனிதரைப் பற்றிக் கேட்கிறேன். என் தொகுதியில் ஒரு முன்னாள் ஹவில்தார் இருக்கிறார். லடாக் மலைப்பாதையில் பல வருடம் ராணுவ லாரி ஓட்டியவர். இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். அவர் மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ்."

கதிரேசன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"சிகிச்சை முடிந்து திரும்பும்போது வண்டி குலுங்கினால் அந்த அம்மாவுக்கு மயக்கம் வரும். அதனால் அடையாறு பாலத்தை அவர் இரண்டாவது கியரிலேயே கடக்கிறார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள். அவர் கேட்டுக்கொண்டு போகிறார். அவருடைய சீட்டுக்கடியில் ஒரு ஃபிளாஸ்க். அதில் இரண்டு ஐஸ் கட்டி. மாதக் கடைசியோடு இந்த ஆஸ்பத்திரி இல்லை, முப்பது கிலோமீட்டர் போ என்கிறார்கள். அந்தத் தூரத்தை அவர் எந்த கியரில் போவார் என்று அரசு எனக்குச் சொல்ல வேண்டும்."

நிலா கையில் மாத்திரைத் தட்டோடு அப்படியே நின்றாள். வேலம்மா தலையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். கதிரேசன் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சுகாதார அமைச்சர் எழுந்தார். குரலில் சங்கடம் தெரிந்தது. தனக்கும் வருத்தம்தான், ஆனால் இது தன் துறையில் இல்லை என்றார். மதிவாணன் விடவில்லை. "துறைக்குரிய அமைச்சர் அதோ இருக்கிறார். அவரையே கேட்டுக்கொள்கிறேன்." அவைத் தலைவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, அமைச்சர்கள் வரிசையைப் பார்த்தார்.

பாதுகாப்பு அமைச்சர் எழுந்து இந்தியில் பேசினார். அவசரமில்லாமல், தாளைப் பார்க்காமல் பேசினார்.

வார்டே கதிரேசன் பக்கம் திரும்பியது. எப்போதும் அமைச்சர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிடும் மனிதர், இன்று துண்டை மடியில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா சொல்றாரு?" வேலம்மா கேட்டாள்.

கதிரேசன் துண்டை இன்னொரு சுற்று முறுக்கினார்.

"யோவ்!"

"சொல்றாரு..." கதிரேசன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "அந்த ஜவான் எங்கூட்டு ஆளுன்றாரு. ஒப்பந்தம்லாம் பரிசீலனைல கீதாம், அதுக்கு டைம் ஆவுமாம். ஆனா அந்த அம்மாவுக்கு ஒரு நாள்கூட நிக்காது, நான் பாத்துக்கறேன்றாரு. பேர இன்னிக்கு சாய்ந்தரத்துக்குள்ள அனுப்பச் சொல்றாரு." கொஞ்சம் நிறுத்தி, "டைவர்சன் எடுக்கல வேலம்மா" என்றார்.

யாரோ கை தட்டினார்கள். பிறகு தட்டல் தானாக ஓய்ந்தது. ஒரே ஒரு பேரைத்தான் அமைச்சர் கேட்டிருக்கிறார் என்பது ஒவ்வொருவருக்காகப் புரிந்தது.

"மகராசி, நீ நன்னா இரு வேலம்மா" என்றார் காமாக்ஷி மாமி. அவர் குரலில் துளி பொறாமை கிடையாது. "எனக்கு மாசக் கடைசிக்கப்பறம் அவ்வளவு தூரம் தனியா போக முடியாது. ஆத்துலயே இருந்துண்டு வர்றது வரட்டும்னு தோண்றது."

கதிரேசன் எழுந்தார். நிலாவிடம் பேனா கேட்டார்.

---

கயலுக்கு ஒன்றரை மணி நேரமாகக் கால் தரையில் இல்லை. சாய்நாத் அனுப்பியிருந்தான். "சார் செம ஹேப்பி. உன்னைப் பத்தி ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டார். அந்த அம்மா பேரும் விலாசமும் ரெண்டு மணிக்குள்ள அனுப்பு, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

பேர் என்றதும்தான் அவள் கால் தரைக்கு வந்தது. வேலம்மா, க/பெ கதிரேசன், ராயப்பேட்டை. ஆபீஸ் அலமாரியில் இருக்கும் அவளுடைய ஃபைலிலும் அதே கதிரேசன், அதே தெரு.

போன் அடித்தது. நைனா.

"கேள்வி நீ எயுதுனதா?"

கயல் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"செகண்டு கியரு விசயம் ஊர்ல எவனுக்குத் தெரியும்? பின்னாடி சீட்ல குந்தினு வந்தவ நீதான்."

"ஆமா நைனா. நான்தான். தப்புதான்."

வெடிக்கும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அப்பா சிரித்ததுபோலக் கேட்டது. மூக்கை உறிஞ்சியதாகவும் இருக்கலாம்.

"காலைல போன் போட்டு என் வாயாலயே ஐடியா வாங்கிகினு, என்னையே உள்ள தள்ளிட்டியே! நல்ல பொண்ணத்தான் பெத்து வச்சிகிறேன்." பிறகு குரல் மாறியது. "லடாக்ல லே ரோட்ல வண்டி பள்ளத்துல எறங்கினப்பகூட நான் அழல கயலு. இன்னிக்கு அந்த ஃபிளாஸ்க சொன்னாரு பாரு..."

"நைனா..."

"இரு. இப்ப நான் சொல்றத கேளு. உங்கம்மா பேர மட்டும் அனுப்புனா அதுக்குப் பேரு சிபாரிசு. அத்த நான் ஒத்துக்க மாட்டேன். இங்க ஒம்போது பேரு கீறாங்க. எயுதிக்கோ."

ராணுவ வழக்கப்படி நம்பர், ராங்க், பேர் என்று ஒவ்வொன்றாக, தெளிவாகச் சொன்னார். முதலில் காமாக்ஷி. படுக்கை படுக்கையாகப் போய் எழுதி வாங்கியிருக்கிறார். கயல் தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். எட்டு முடிந்தது.

"ஒம்போதாவது உங்கம்மா. கடைசிலதான் போடணும். இன்னா?"

"சரி நைனா."

"உங்க எம்.பி.கிட்ட இது உங்கம்மான்னு சொல்லிகிறியா?"

"இல்ல."

"அப்ப அது உன் ரோடு. நான் ஸ்டியரிங் புடிக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.

மணி ஒன்று ஐம்பது. பட்டியல் திரையில் இருந்தது. ஒன்பது பேருக்கு நடுவில் ஒரு கதிரேசனை யார் கவனிக்கப் போகிறார்கள்? மதிவாணன் கவனிக்காமலே போகலாம். போகாமலும் இருக்கலாம். பிறகு அவருக்கு வேறு யாராவது சொல்லித் தெரிந்தால், இன்று காலை அவையில் அவர் அத்தனை பேர் முன்னால் நம்பிப் படித்த எட்டு வரிக்கும் என்ன மரியாதை?

கயல் முதலில் பட்டியலை அனுப்பினாள். போனில் பேசிய பிறகு அனுப்பலாம் என்றால், அவர் ஒருவேளை ஒன்பதாவதை எடு என்று சொல்லிவிட்டால்? அந்தப் பேர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பிறகு தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். சாய்நாத் பார்த்துவிட்டான் என்ற அடையாளம் நீலமாக மாறியதும், மதிவாணன் நம்பரைத் தட்டினாள்.

"சொல்லும்மா கயல்! நானே கூப்பிடணும்னு நெனச்சேன். அந்த கியர் கேள்வி எப்படிம்மா தோணுச்சு உனக்கு? எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி எல்லாரும் வந்து கையைப் பிடிச்சாங்க."

அவருடைய சந்தோஷம் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

"சார், பட்டியல் அனுப்பிட்டேன். ஒன்பது பேர்."

"ஒன்பதா? நல்லதாப் போச்சு. நானே கையெழுத்துப் போட்டுக் கடிதம் வெக்கிறேன்."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார்." அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்பதாவதா இருக்கறது எங்கம்மா. அந்த ஹவில்தார் எங்கப்பா."

எதிர்முனையில் அவை கூடுவதற்கான மணி நீளமாக அடித்துக்கொண்டிருந்தது. அது நின்றதும் மதிவாணன் என்ன சொன்னார் என்பது அடுத்த வாரம்.